அண்ணனின் இருபது இஞ்ச் ஆசை

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. போன சனிக்கிழமை ராத்திரி பெரியப்பா பையனுக்கு நிஜ ஆணி, டயர்ல. "தம்பி, ஒரகடம் தாண்டி நிக்கறேன். ஸ்டெப்னி மாட்டிட்டேன், ஆனா வண்டி ஒரு பக்கமா சாயுதுடா"ன்னு போன். உள்ள அண்ணியும் ரெண்டு பசங்களும். படப்பையில இருந்து பைக்கை எடுத்துட்டு ஓடினேன். அங்க பார்த்ததுக்கு அப்புறம் வந்த கடுப்புதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அண்ணன்கிட்ட இருக்கறது 2017 மாடல் இசுஸு வி-கிராஸ், செகண்ட் ஹேண்ட். வாலாஜாபாத் பக்கம் நிலம் இருக்கு, உர மூட்டை, மோட்டார் எல்லாம் அதுலதான் ஏறும். கூடவே வந்தது 245/70 ஆர்16 டயர். அது கெத்தா இல்லைன்னு 20 இஞ்ச் அலாய் வீலும் 275/55 ஆர்20 டயரும் மாட்டினார். அமெரிக்காவுல ஃபோர்டு எஃப்-150 மாதிரி ராட்சச வண்டிக்குப் போடற சைஸ் அது. கடைக்காரர் சொன்னது: "சூப்பரா உட்காரும் சார், உள்ள பிளாஸ்டிக்கை மட்டும் லேசா அறுத்துக்கலாம்."

அறுக்கணும்னு சொல்லும்போதே உஷாராகியிருக்க வேணாமா? :-)

கணக்கு அஞ்சாங்கிளாஸ் கணக்குதான். 245ங்கறது டயர் அகலம், மில்லிமீட்டர்ல. 70ங்கறது அந்த அகலத்துல எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம்னு சொல்லுது, அதாவது 171.5. மேலயும் கீழயும் சேர்த்து 343. நடுவுல 16 இஞ்ச் ரிம், 406.4. மொத்த உயரம் 749.4 மி.மீ. அண்ணன் போட்டது 810.5. எட்டு சதவீதம் அதிகம். இந்த வித்தியாசம் 3 சதவீதத்துக்குள்ள இருக்கணுங்கறது பொதுவான விதி.

எட்டு சதவீதம்னா என்ன ஆகும்? மீட்டர் 80 காட்டும்போது முன்னாடி ஓடினதைவிட வண்டி ஆறு, ஏழு கிலோமீட்டர் கூட ஓடும். கம்பெனி மீட்டர் பொதுவா கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அந்த மிச்சத்தை இது தின்னுடும். இழுவை குறையும். அதே பிரேக் அழுத்தத்துக்கு ரோட்ல கிடைக்கற பிடியும் அதே அளவு குறையும். மூட்டை ஏத்தின வண்டியில இதெல்லாம் விளையாட்டு இல்லை.

ஸ்டெப்னி கதை இன்னும் மோசம். அது பழைய 16 இஞ்ச்சே. ஒரு சக்கரம் மட்டும் 61 மி.மீ. குள்ளம், அதான் சாய்வு. அந்த நிலையில ஃபோர் வீல் டிரைவைப் போட்டிருந்தா டிரான்ஸ்ஃபர் கேஸ் கதி அதோகதி. நாலு மாத்தினா அஞ்சாவதும் மாத்தணும், அதைக் கடையில யாரும் சொல்லலை.

அப்ப பெரிய வீலே போடக்கூடாதா? போடலாம். வி-கிராஸோட மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே 18 இஞ்ச் கொடுத்துச்சு, 255/60 ஆர்18. கூட்டிப் பாருங்க: 763.2. வித்தியாசம் ரெண்டு சதவீதத்துக்கும் கீழ. ரிம் பெருசாச்சு, பக்கச்சுவர் சின்னதாச்சு, மொத்த உயரம் கிட்டத்தட்ட அப்படியே. சூட்சுமம் அவ்வளவுதான்.

20 இஞ்ச்லயும் கணக்கு சரியா வர சைஸ் இருக்கு. 255/50 ஆர்20, உயரம் 763. ஆனா பக்கச்சுவர் 127.5 மி.மீ. தான். எங்க வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்ல டிப்பர் லாரி கொட்டிட்டுப் போற ஜல்லியும் மழைக்கு அப்புறம் வர பள்ளமும் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேணாம். பள்ளத்துல ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற ஒரே மெத்தை அந்தச் சுவர்தான். ஆக இந்த வண்டிக்கு 20ன்னா ரெண்டுல ஒண்ணுதான்: உயரம் சரியா இருந்தா மெத்தை போச்சு, மெத்தை இருந்தா உயரம் எகிறிடும். 18ல ரெண்டும் ஓரளவு கிடைக்குது. என் ஓட்டு 18க்கு.

இன்னொண்ணு, லோட் இன்டெக்ஸ். டயர் சுவர்ல சைஸுக்குப் பக்கத்துல இருக்கற நம்பர். 108ன்னா ஒரு டயர் 1000 கிலோ தாங்கும், 112ன்னா 1120. பழசைவிடக் குறைஞ்ச நம்பரை எவ்வளவு மலிவா தந்தாலும் வாங்காதீங்க. ரிம் அகலமும் ஆஃப்செட்டும் வண்டிக்குப் பொருந்துதான்னும் கேளுங்க.

சட்டமும் இருக்கு. தயாரிச்சவங்க கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்ஷூரன்ஸ்காரர் கேட்கற கேள்விக்குக் 'கெத்து'ங்கறது பதிலாகாது.

இதுல எனக்குத் தாங்காத விஷயம், அப்பல்லோ டயர் ஃபேக்டரி ஒரகடத்துல, எங்க ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு. எம்ஆர்எஃப் 1946ல பலூன் பண்ண ஆரம்பிச்சது திருவொற்றியூர்ல. டயருக்கு நடுவுல குடியிருந்துகிட்டு, டயர் மேல எழுதியிருக்கற மூணு நம்பரைப் படிக்காம லகரத்துல செலவு பண்றோம்.

அன்னிக்கு முப்பதுலயே உருட்டிக்கிட்டு வீடு வந்து சேர்ந்தோம். நான் பைக்ல பின்னாடியே. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டினேன். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "பார்க்க நல்லாதானேடா இருந்துச்சு"ன்னார். அண்ணி மட்டும் பழைய 16 எங்கன்னு கேட்டாங்க. மாட்டுக்கொட்டாய்ல தார்ப்பாய்க்கு அடியில பத்திரமா இருக்கு.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, பொட்டி தட்டறவன். கணக்குல தப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க.