தனி ரூம் கட்டி ஏமாறாதீங்க மக்களே!

டிஸ்கி: தங்கக் காது வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவை இப்படியே மூடிவிட்டுப் போவது இருவருக்கும் நல்லது. அப்புறம் ஆட்டோ அனுப்பக் கூடாது.

ரெண்டு மாசம் முன்னாடி சேலையூர்லேர்ந்து ஒரு போன். எனக்கு அவர் 'சார்', அவருக்கு நான் 'தம்பி'. ரிடையர் ஆனவர். "தம்பி, ஒரு நடை வந்துட்டுப் போங்க. செட்டு சரியாப் பாட மாட்டேங்குது" என்றார். போனேன்.

பையன் வெளிநாட்டுக்குப் போன பிறகு காலியான பெட்ரூமை பாட்டு கேட்க மட்டும் என்று ஒதுக்கியிருந்தார். 10க்கு 10. சீலிங் உயரமும் 10 அடி. தரை வழவழவென்று டைல்ஸ், நாலு பக்கமும் பட்டி பார்த்து பெயின்ட் அடித்த மொட்டைச் சுவர். அதற்குள் ஆறு லட்ச ரூபாய் சாமான். எல்லாம் பி.எஃப். பணம். இடுப்பு உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர், ஆளைத் தூக்கிப் போடும் கனத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர், அதுக்கு மேல் டாக் என்று ஒரு குட்டிப் பெட்டி. கட்டை விரல் தடிமனில் ஸ்பீக்கர் கேபிள். அது மட்டும் 45 ஆயிரமாம். பொய் சொல்லலை, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற ஹோஸ் மாதிரிதான் இருந்தது.

"இளையராஜா பாட்டுல பேஸ் கிடார் எங்கெல்லாம் போகுதுன்னு கேக்கணும்னுதான் தம்பி இவ்வளவும். ஆனா ஒரு நோட்டு மட்டும் மாடு மாதிரி கத்துது. அடுத்த நோட்டைக் காணோம்."

நகரத்துக்குள்ள ஒரு கடை (பேர் வேண்டாம்) அவருக்குச் சொன்ன வைத்தியம், கேபிளை மாத்துங்க. மாத்தினார். சரியாகலை. அடுத்த வைத்தியம், பவர் கார்டை மாத்துங்க சார், 40 ஆயிரம்தான். வாங்கலாமா வேணாமான்னு கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேபிளாலேயே...

சரி விடுங்க. கணக்கைப் பார்ப்போம், எட்டாங்கிளாஸ் கணக்குதான். நம்ம ஊர் சூட்டில் ஒலி ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 349 மீட்டர் போகும். 10 அடி என்றால் 3.05 மீட்டர். அதை இரட்டிப்பாக்கி 349ஐ வகுத்தால் 57 வரும். அந்த 57 ஹெர்ட்ஸில் அறை தானாகவே கூடப் பாட ஆரம்பித்துவிடும். நீளம் ஒன்று, அகலம் ஒன்று, உயரம் ஒன்று என்று இருந்தால் இந்த உறுமல் மூன்று இடத்தில் பிரிந்து விழும். சார் ரூம் மாதிரி மூணும் ஒண்ணா இருந்தால்? மூணு உறுமலும் ஒரே இடத்தில் குவியும். பேஸ் கிடாரில் ஏ தந்தியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். மாடு கத்துறது அதுதான். அடுத்த டி தந்தி 73. அங்கே தூக்கிவிட ஆளில்லை, அதனால் பக்கத்தில் கேட்கும்போது அது காணாமல் போன மாதிரி இருக்கிறது. போதாக்குறைக்கு சார் உட்காருவது பின் சுவரை ஒட்டிப் போட்ட சோபாவில். சுவர் ஓரத்தில்தான் இந்த உறுமல் உச்சத்தில் இருக்கும். நட்ட நடுவில் உட்கார்ந்தால் அதே நோட்டு ஏறக்குறைய செத்தே போகும்.

இதில் கேபிளுக்கு என்ன வேலை? 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டர். அது சுவரோடு சண்டை போடுகிறது. செம்புக் கம்பி எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரின் தடை கிலோமீட்டருக்கு 8 ஓம் போல. 5 மீட்டர் போய் 5 மீட்டர் திரும்பினால் 0.08 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். நூத்துல ஒரு பங்கு! பவர் கார்டு இன்னும் தமாஷ். எங்கிருந்தோ டவர் டவரா அலுமினியக் கம்பியில் தொங்கி, டிரான்ஸ்ஃபார்மர்ல காக்கா உட்கார்ந்து, தெருமுனை பில்லர் பாக்ஸ் வழியா வந்த கரன்ட் கடைசி ஒரு மீட்டரில் புனிதமாகிவிடுமாம்.

எனக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது, மறைக்கலை. செட்டில் உம்ம்ம் என்று ஒரு இரைச்சல் வந்ததற்கு பவர் கண்டிஷனர் என்று ஒரு டப்பா வாங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு இஎம்ஐ கட்டினேன். இரைச்சல் போகலை. அப்புறம் ஒரு எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, மே மாச வெயிலில் எர்த் குழி காஞ்சு கிடக்கு சார் என்று ரெண்டு குடம் தண்ணி ஊத்தினார். இரைச்சல் பாதியானது. அவர் கேட்டது 200 ரூபாய்.

"படிச்சதை வச்சுப் பேசாதே, எங்க காதுக்குத் தெரியுது" என்பார்கள். தெரியட்டும். சார் வீட்டிலேயே வேட்டியைத் திரையாகக் கட்டி, ஹோஸ் கேபிளையும் என் சாதா வயரையும் பத்து தடவை மாத்தி மாத்திப் போட்டேன், சில தடவை மாத்தாமலும் விட்டேன். அஞ்சு சரியாச் சொன்னார். பூவா தலையாவுக்கும் அஞ்சுதான் வரும். இது ஏதோ தாம்பரத்துக் காது கெட்டுப்போனதால் இல்லை. 2007ல் அமெரிக்காவில் மேயர், மோரான் என்ற இருவர் உயர்தர டிஸ்க்கை அப்படியே ஒரு தடவை, நடுவில் சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தடவை என்று கேட்க வைத்தார்கள். 554 முறை சோதித்ததில் சரியான பதில் 276. பாதிக்கும் ஒண்ணு கம்மி!

இங்கே ஆட்கள் 24 பிட் ஃபைல் தேடி அலைகிறார்கள். சிடியின் 16 பிட்டே 96 டெசிபல் இடைவெளி தரும். நம்ம ரூமில் தலைக்கு மேல் ஃபேன் ஓடுது, மே மாசம் அதை நிறுத்திவிட்டு யார் பாட்டு கேட்பது? ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஹாரன், பீச் வண்டி சத்தம், ஏர்ஃபோர்ஸ் விமானம். இதற்குள் எந்த 24வது பிட்டைக் கேட்கப் போறீங்க? கிறிஸ்தவக் கல்லூரிக் காட்டுக்குள்ள வீடு இருந்தால் ஒருவேளை.

இன்னொன்று, "நிஜக் கச்சேரி மாதிரியே இருக்கணும்" என்ற வசனம். ஐயா, நம்ம சபாக்களில் கேட்கிறதே மைக்கும் ஸ்பீக்கரும் வழியாகத்தான். மைக் இல்லாமல் நாம் கேட்டிருப்பது பெரும்பாலும் சாமி புறப்பாட்டு நாதஸ்வரமும் தவிலும். அதை 10க்கு 10ல் வாசிக்கச் சொல்லிப் பாருங்க, சுவத்துக்கு முன்னாடி நீங்க விழுந்துடுவீங்க.

அறைதான் முக்கியம் என்பது புதுசும் இல்லை. 1895ல் ஹார்வர்டில் ஒரு லெக்சர் ஹால் கட்டி, அதில் பேசுவது ஒன்றுமே புரியாமல் போய், சாபின் என்ற வாத்தியாரிடம் ஒப்படைத்தார்கள். சொன்ன சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆனது. அந்த மனுஷன் ராத்திரி ராத்திரியாகப் பக்கத்து தியேட்டர் சீட்டு மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்குவார். ஒரு ஆர்கன் குழலை ஊதவிட்டு, ஸ்டாப் வாட்ச்சில் ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார். விடியறதுக்குள் மெத்தைகளைத் திருப்பி வைப்பார். இன்றைக்கும் உலகம் முழுக்க அரங்கம் கட்டுபவர்கள் போடும் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். அதையே சார் ரூமுக்குப் போட்டேன். சாமான் இல்லாமல் பார்த்தால் இரண்டரை வினாடிக்கு மேல் வருகிறது. பாட்டு கேட்க அரை வினாடிக்குள் அடங்கணும். (முட்டை அட்டையை ஒட்டலாமே என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அது முட்டை வைக்கத்தான்.)

எங்கிட்டே இலவம் பஞ்சு மெத்தை ரெண்டு கேட்டு வாங்கிச் சுவரில் சாத்திப் பார்த்தார். குரல் தெளிஞ்சது, மாடு போகலை. நாலு அங்குலப் பஞ்சு 6 மீட்டர் அலையை என்ன செய்யும்? அப்போதான் சொன்னேன், "சார், எல்லாத்தையும் ஹாலுக்குத் தூக்குவோம்."

அவருக்கு மனசே இல்லை. கேட்பதற்கென்று தனி ரூம் வைத்திருக்கிறவன்தான் ரசிகன் என்று யாரோ ஏத்திவிட்டிருக்கிறார்கள். ஹால் 11க்கு 19, ஒரு பக்கம் டைனிங்கில் திறக்கிறது, அங்கிருந்து கிச்சன். சோபா, கனமான திரை, புஸ்தக அலமாரி, மடிச்சு வச்ச பாய், ஊஞ்சல். ஸ்பீக்கரை ஷோகேஸ் பக்கமே விடாமல் சுவரிலிருந்து ரெண்டரை அடி முன்னால் இழுத்தோம். சோபாவைப் பின் சுவரிலிருந்து ஐந்து அடி தள்ளினோம். ரூம் ஈக்யூ விசார்ட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, ஒரு மைக் வைத்து அளந்து, மிச்சம் இருந்த ஒரு மேட்டைக் கொஞ்சம் குறைத்தேன். ஒரு சாயங்கால வேலை. சாதா வயர்தான் போட்டேன்.

நல்ல ஸ்பீக்கர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அவர் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர், அதுக்குக் கொடுத்த காசு தகும். கடைக்காரன் சுவரை விற்க முடியாது, அதான் கேபிளை விற்கிறான். அவன் வியாபாரி, விடுங்க. என் சண்டை நம்ம ஆளுங்களோடதான். அஞ்சு லட்சம் இருக்கு என்ன வாங்கலாம்னு ஒருத்தர் கேட்டா பிராண்டு பேரா அடுக்குறீங்களே, உங்க ரூம் எத்தனை அடின்னு ஒருத்தராவது திருப்பிக் கேட்டீங்களா?

சார் அன்னைக்கு மூணு பாட்டு பேசாமல் கேட்டார். நாலாவதில் பேஸ் கிடார் படியிறங்குற மாதிரி ஒவ்வொரு நோட்டா இறங்கினது. "இவ்வளவுதானா தம்பி?" என்றார். சந்தோஷமா கோபமா என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா காபியோடு வந்து, "ஹால்லயே வையுங்கன்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார்கள். ஏழு மணி முதல் ஒன்பது வரை சீரியல், அப்போ செட்டைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தமாகியிருக்கிறது.

ஹோஸ் கேபிள் பாதி விலைக்கு இருக்கிறது. மூணு மீட்டர் ஜோடி, டப்பாவோட. வேணும்கிறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.