பெயர் தமிழ், பூட்டு எவர் கையில்?

குடிக்கூலி வீட்டின் வாயிலில் தன் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டவன் அவ்வீட்டுக்கு உரியவன் ஆகிவிடான். உரியவன் வந்து ‘வெளியேறு’ என்னும் நாளில் அப்பலகையைக் கழற்றிக் கையிலேந்தித் தெருவில் நிற்பான். இணையத்தில் இன்று தமிழன் நிலை இதுவே. பேசுபுக்கை முகநூல் என்றான். வாட்சப்பைப் புலனம் என்றான். துவிட்டரைக் கீச்சகம் என்றான். அச்சொற்களை ஆக்கித் தந்தோர் உழைப்பு போற்றத்தக்கதே. ஆயின், பெயர் சூட்டியதோடு கடமை முடிந்ததென்று கருதி அவன் உறங்கிவிட்டான். பெயர் தமிழாயிற்று, பூட்டும் திறவுகோலும் அமெரிக்க முதலாளியின் இடுப்பில் தொங்குகின்றன.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள கணியம்பாடியைக் காண்க. தோல் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்களின் வண்டி நேரம், பள்ளி விடுமுறை, நெல் விலை, திருமண அழைப்பு, இறப்புச் செய்தி ஆகிய யாவும் புலனக் குழுக்களில்தாம் ஓடுகின்றன. முன்பு ஊர்ச்செய்தி அரசமரத்தடியில் பேசப்பட்டது. அம்மரம் ஊருக்குப் பொது. அதனடியில் அமர எவர் இசைவும் வேண்டியதில்லை. இன்றோ ஊரே ஒரு நிறுவனத்தின் திண்ணைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 2021 அக்டோபர் 4 அன்று முகநூலும் புலனமும் படவரியும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, அடுத்த தெருவில் இருப்பவனோடு பேசவும் வழியின்றி உலகமே திகைத்தது. பிழை நேர்ந்தது எங்கோ ஓர் அயல்நாட்டில். வாய் அடைபட்டது இங்கே.

இத்தகைய வாணிகத்தின் இயல்பைத் தோல் வட்டாரத்தார்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் ஊறி அரைப்பதமான தோல் இம்மண்ணிலிருந்து கப்பலேறிற்று. அயல்நாட்டில் மெருகேறிப் பன்மடங்கு விலை பெற்றது. 1970-களில் நடுவணரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, அரைப்பதத் தோலுக்கும் அளவு விதித்தது. அதன் பின்னரே முழுப் பதனிடலும் காலணித் தொழிலும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் ஓங்கின. ஆயினும் பாலாறு பாழாயிற்று. 1996-இல் உச்சநீதிமன்றமே தலையிட நேர்ந்தது. பெரும்பயன் ஓரிடம் சேர்வதும் கழிவு வேறிடம் தேங்குவதும் எத்தகையன என்பதை இவ்வட்டாரம் பட்டறிந்தது.

தோலில் கற்ற பாடத்தைச் சொல்லில் மறக்கலாமா? இன்று தமிழன் தன் பேச்சையும் படத்தையும் உறவையும் விருப்பு வெறுப்பையும் பச்சைத்தோலாகவே அள்ளிக் கொடுக்கின்றான். அவை அயலான் வழங்கிகளில் பதனிடப்பட்டு, விளம்பரச் சரக்காக அவனிடமே திரும்பி வருகின்றன. வருவாய் அங்கே, வசைமொழியும் புரளியும் சாதிப்பகையும் இங்கே. 2021-இல் புலனம் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, ‘ஏற்றுக்கொள், இன்றேல் வெளியேறு’ என்ற போக்கில் நடந்தது. அதற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் அதன் உரிமை நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி உருபா தண்டம் விதித்தது. தண்டம் விதித்தவர் உண்டு. செயலியைத் துறந்தவர் எத்தனை பேர்?

வெளியேற்றப்பட்ட வரலாறும் சிறிதன்று. ஆர்க்குட்டு 2014-இல் மூடப்பட்டது. கூகுள் பிளசு 2019-இல் மூடப்பட்டது. இந்திய மொழிகளின் களம் என்று முழங்கிய கூ 2024-இல் மூடப்பட்டது. அங்கெல்லாம் எழுதிக் குவித்த தமிழ் என்னாயிற்று? மூடுவதற்கு எழுதியவனின் இசைவை எவரும் கேட்கவில்லை. 2019 அக்டோபரில், நாட்சி வணக்கம் செய்ய மறுத்துக் கைகட்டி நின்ற ஒருவனின் பழம்படத்தை இட்டதற்காக, உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் எக்டேயின் கணக்கைத் துவிட்டர் முடக்கியது. வழக்காடத் தெரிந்தவர்க்கே அந்நிலை எனின், கணியம்பாடிக் கூலித் தொழிலாளி எவரிடம் முறையிடுவான்?

அப்போது இந்தியர் பலர் மாசுடடான் என்னும் வேறொரு களத்துக்குச் சென்றனர். 2016-இல் செருமனியின் ஆய்கன் இரோச்கோ வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அது. அதற்கு ஒற்றை உரிமையாளன் இல்லை. பள்ளியோ, நூலகமோ, தொழிற்சங்கமோ தனக்கென ஒரு வழங்கியை நிறுவிக்கொள்ளலாம். ஒரு வழங்கியில் இருப்பவன் மற்றொரு வழங்கியில் இருப்பவனைப் பின்தொடரலாம், மறுமொழி கூறலாம். அஞ்சல் நிலையம் ஊருக்கு ஊர் வேறாயினும் கடிதம் போய்ச் சேர்வதில்லையா? மின்னஞ்சலும் அவ்வாறே இயங்கவில்லையா? அதே முறைதான் இது. அவ்வழங்கிகள் தமக்குள் பேசும் பொதுமொழி ஆக்டிவிட்டிபப் எனப்படும். இணைய நெறிகளை வகுக்கும் உலக வலைக் கூட்டமைப்பு 2018 சனவரியில் அதனை முறையாக ஏற்றுப் பரிந்துரைத்தது.

செயலி ஆக்குவோர் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்குக. துவிட்டரின் வாயிலில் கடை விரித்துப் பல்லாண்டு உழைத்த பிறர் செயலிகளை, 2023 சனவரியில் அந்நிறுவனம் ஒரே வீச்சில் வெட்டி எறிந்தது. துவீட்பாட்டு என்னும் செயலியை ஆக்கியோர் அம்மாதமே மாசுடடானுக்கென ஐவரி என்னும் செயலியை வெளியிட்டனர். முன்னதில் அவர்கள் வேண்டியது முதலாளியின் அருள். பின்னதில் வேண்டியது எவர்க்கும் பொதுவான நெறிமுறை. அருள் வற்றும், பொதுநெறியோ எவனும் கற்று எழுதத் திறந்தே கிடக்கும். ஆகவே செயலி எழுதப் புகும் தமிழ் இளைஞன் முதலில் கேட்க வேண்டிய வினா, ‘இதன் பெயர் என்ன?’ என்பதன்று, ‘இதன் நெறிமுறை எவர்க்குரியது?’ என்பதே.

ஈண்டு ஒன்றைத் தயங்காது கூற வேண்டும். சென்னைச் சோகோ நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ‘அரட்டை’ செயலியில், 2025-இல் மக்கள் திரள்திரளாகச் சேர்ந்தனர். தமிழ்ப் பெயர் தாங்கிய செயலி இந்தியாவெங்கும் பேசப்பட்டது கண்டு தமிழ் நெஞ்சம் பூரித்தது, பூரிக்கட்டும். ஆனால் ஒரே நிறுவனத்தின் வழங்கியில், அந்நிறுவனம் விதிக்கும் நெறிப்படி இயங்குமாயின், அதுவும் குடிக்கூலி வீடே. வீட்டுக்காரன் தமிழன் என்பதால் குடியிருப்போன் உரிமையாளன் ஆவதில்லை. இத்தகைய செயலிகள் மின்னஞ்சல்போல் ஒன்றோடொன்று பேசவேண்டும் என்று அந்நிறுவனத்தின் சிறீதர் வேம்பு அவர்களே 2025-இல் கூறினார். நற்கூற்று! பிறர் நிறுவிய வழங்கியிலிருந்தும் அரட்டையில் இருப்பவனோடு உரையாடக் கூடும் நாளில் அக்கூற்று செயலாகும். அதுவரை அது சொல் மட்டுமே. 1999-இல் தோன்றிய சாபர் நெறியை ஏற்றுப் பிற வழங்கிகளோடு உறவாடிய கூகுள், 2013-இல் புதிய செயலிக்கு மாறியபோது அவ்வுறவை அறுத்தெறிந்ததை மறத்தல் கூடாது.

‘வழங்கிக்கு எவன் பணம் தருவான்?’ என்பர் சிலர். நேர்மையான வினா. தனியொருவன் ஆர்வத்தால் நடத்தும் வழங்கி, அவன் சோர்ந்தால் நின்றுபோகும். வேறு வழங்கிக்குப் பெயர்ந்தால் பின்தொடர்வோர் உடன் வருவர். பழைய பதிவுகள் தாமே பெயர்ந்து வாரா. இக்குறைகளை மறைப்பது பொய்மை. ஆயின் மருந்தும் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1904-இலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் கண்ட நாடு இது. பாலுக்கும் நெசவுக்கும் கூட்டுறவு கண்டவன், பேச்சுக்கு ஒன்று காண மாட்டானா? சாபர் வழிவந்த நெறியில் அமைந்த ‘பிராவ்’ என்னும் செயலியைக் கூட்டுறவாக நடத்தும் நோக்கோடு மலையாளிகள் உள்ளிட்ட கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் முயன்றுள்ளனர். ஆளுக்குச் சிறு பங்கு. ஆளுக்கு ஒரு வாக்கு. வரவு செலவு ஊரறிய. அதுவே வழி.

‘அங்கே ஆளில்லையே’ என்பர் வேறு சிலர். ஆள் செல்லாத இடத்தில் ஆள் எங்ஙனம் இருப்பர்? அனைவரும் ஒரே நாளில் புலனத்தைத் துறக்க எவரும் கேட்கவில்லை. ஒரு பள்ளி, ஒரு தமிழ் மன்றம், ஒரு தொழிற்சங்கம் தன் அறிவிப்புகளை முதலில் தன் சொந்த வழங்கியில் இட்டு, பின்னர் பிற இடங்களில் படியிடலாம். மூல ஆவணம் தன் வீட்டில். படி மட்டும் அயலான் திண்ணையில்.

அதற்கான அறிவு தமிழில் இல்லையென்று கூறுதலும் பொய். ‘கணியம்’ மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்பித்து வருகின்றது. விழுப்புரத்தில் ஆர்வலர் குழு ஊர்ப்புற மாணவர்க்கு அப்பயிற்சியை அளிக்கின்றது. தன் பெயரிலேயே ‘கணியம்’ ஒலிக்கும் கணியம்பாடியிலும் பொறியியற் கல்லூரி இருக்கின்றது. அங்கும் வேலூரிலும் பயிலும் மாணவர் ஐவர் கூடினால் ஒரு வழங்கியை நிறுவலாம். பதின்மர் கூடினால், பொத்தான் முதல் பிழைச்செய்தி வரை தமிழ் பேசும் செயலியொன்றை எழுதலாம். நிறுவன வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் அதனை ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

அயலான் வீட்டுக்குப் பெயர் சூட்டியது போதும். தமிழ் இளைஞனே, கடைக்கால் தோண்டு, சுவர் எழுப்பு, கூரை வேய். திறவுகோல் ஊரார் கையில் இருக்கட்டும். பெயர்ப்பலகையை அதன் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.