நூல் கற்றலும் நூல் கட்டலும்

மக்களுக்கு வாய்த்த கருவிகளுள் மனத்திற்கு அடுத்தபடியாகச் சிறந்தது கையே. ஆயினும், கல்லூரிக்குட் புகுந்த நம்மனோர் அக்கையைப் பெரும்பாலும் எழுதுகோல் பிடிப்பதற்கும், ஏடு புரட்டுவதற்கும், கைப்பேசியைத் தடவுவதற்குமே பயன்படுத்தி வருகின்றோம். ஒன்றை ஆக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு என்பதை மறந்தே போயினோம். ஓய்வுப் பொழுதில் மாணவர் ஒவ்வொருவரும் யாதேனும் ஒரு கைவேலையைப் பழகுதல் வேண்டும் என்பதும், அதனால் எய்தும் இன்பத்தைப் போலவே அதில் நேரும் பிழைகளும் நமக்கு ஊதியமே என்பதும் யான் இங்குக் கூறப் புகுவன. இவை பிறர் சொல்லக் கேட்டுக் கூறுவன அல்ல. கையைச் சுட்டுக்கொண்டு கற்றுக் கூறுவன.

சென்ற கோடை விடுமுறையில் யான் மேற்கொண்ட கைவேலை புத்தகம் கட்டுதல். வழக்கில் இதனைப் ‘பைண்டிங்’ என்பர். தமிழ் சிறப்புப் பாடம் பயில்வோர்க்குப் பழம்பதிப்புக்களே செல்வம். அவற்றைப் பழைய புத்தகக் கடைகளிலே தேடி வாங்குகின்றோம். வாங்கும்போதே அவற்றின் முதுகு ஒடிந்திருக்கும், அட்டை கழன்றிருக்கும், முதற் பத்துத் தாள்கள் தம் மனம் போனவாறு திரியும். என் மேசைமீது இவ்வாறு நோயுற்றுக் கிடந்த புத்தகங்கள் பதினொன்று. அவற்றுக்கு மருத்துவம் செய்வோம் என்று துணிந்தேன்.

தமிழ் மாணவனுக்கு இத்தொழில் பொருத்தமானதே. நம் மொழியில் இழைக்கும் புத்தகத்திற்கும் ‘நூல்’ என்பது ஒன்றே பெயர். 13 ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நன்னூற் பாயிரத்தில், சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் மகளாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்து இப்பெயர்க்குக் காரணம் காட்டுகின்றார். நூலாலே நூலைத் தைக்கும்பொழுது அவ்வுருவகம் விரல் நுனியிலேயே விளங்குகின்றது.

நம் முன்னோர் ஓலையில் எழுதிய காலத்தே இரு துளையிட்டு, ஒன்றில் நாராசம் செருகி, மற்றொன்றிற் கயிறு கோத்து, அக்கயிற்றின் முனையிற் கிளிமூக்கு என்னும் ஓலைத்துண்டைப் பிணைத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினர். தாள் வந்தது, கட்டும் முறையும் மாறிற்று. கொல்லத்தில் 1578 இல் அச்சிடப்பெற்ற ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே உடையது. தரங்கம்பாடியில் 1715 இல் அச்சு முற்றுப்பெற்ற தமிழ்ப் புதிய ஏற்பாடோ பெருநூல். அத்தகைய பெருநூல்களைத் தைத்துச் சேர்த்தோர் பெயரை எந்த முகப்பேடும் கூறுவதில்லை. எழுதினார் பெயரும் அச்சிட்டார் பெயரும் நிற்க, கட்டினார் பெயர் மறைந்துபோதலே உலக வழக்காயிற்று.

அவருள் ஒருவர் மட்டும் மறையாது நின்றார். அவர் இலண்டன் மாநகரில் கொல்லன் மகனாய்ப் பிறந்த மைக்கேல் ஃபாரடே. 1805 இல், தம் பதினான்காம் வயதில், புத்தகம் கட்டுவோர் ஒருவரிடம் ஏழாண்டுப் பயிற்சிக்கு அமர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களையே படித்து அறிவியல் கற்றார். 1812 இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெழுதி, அக்குறிப்புக்களைத் தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டில் அவர்க்கு உதவியாளராய் அமர்ந்தார். மின்னியலின் பெருந்தந்தையருள் ஒருவர் பசைக் கிண்ணத்தினின்று எழுந்தவர் என்பது கைவேலையை இகழ்வார் நினைத்தற்குரியது.

இனி, தொழிலின் இயல்பைச் சிறிது கூறுவேன். அச்சிட்ட பெருந்தாளை மும்முறை மடிக்க எட்டு இதழ், அஃதாவது 16 பக்கம், கொண்ட ஒரு ஃபாரம் ஆகும். ஃபாரங்களை வரிசைப்படுத்தி, மடிப்பின் நடுவே ஊசி நுழைத்து, ஒன்றோடொன்று பிணையுமாறு தைத்து, முதுகிற் பசை தடவி உலர்த்தி, அட்டை சேர்த்து, காலிகோத் துணியால் மூடி, கனத்தின்கீழ் வைத்து அழுத்துதல் வேண்டும். சொல்லும்போது எளிது. முதல் தையலிலே நூலை இறுக்கிப் பிடித்தேன், தாள் கிழிந்தது. தளர்த்திப் பிடித்தேன், ஃபாரம் தொங்கிற்று. இறுக்கத்திற்கும் தளர்ச்சிக்கும் இடைப்பட்ட அந்த ஓர் அளவை எப்புத்தகமும் கற்பிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலையில் என் விரலே கண்டுகொண்டது. அன்றைய மகிழ்ச்சியைத் தேர்வில் முதன்மை எய்திய நாளிலும் யான் அறிந்ததில்லை.

மகிழ்ச்சியின் அளவைச் சொன்ன யான் துன்பத்தின் அளவை மறைத்தல் முறையன்று. மைதா மாவிற் பசை காய்ச்சுவோர், பூச்சி அரியாதிருக்க அதிற் சிறிது மயில் துத்தம் சேர்ப்பர். அது நஞ்சு. அதனை யான் அடுக்களைப் பாத்திரத்திலேயே கலந்துவிட்டேன். “மருந்து புத்தகத்துப் பூச்சிக்கா, வீட்டிலிருக்கிற எங்களுக்கா?” என்று அன்னையார் வினவினார். அப்பாத்திரம் அன்றே என் தொழிற்கூடத்திற்கு உரிமையாயிற்று. பின்னர் அச்சத்தால் துத்தம் சேர்க்காமலே பசை காய்ச்சினேன். நான்கே நாளிற் கரப்பான் பூச்சிகள் வந்து, இலக்கணம் இலக்கியம் என்னும் வேறுபாடு பாராட்டாமல் இரண்டையும் சுவைத்துச் சென்றன.

அடுத்து அட்டை. ஈரப்பசை தடவிய துணியும் தாளும் உலரும்போது சுருங்கி அட்டையைத் தம்பால் இழுக்கும். ஆதலின் உட்புறமும் தாளொட்டி இழுப்பைச் சமன் செய்து, கனத்தின்கீழ் வைத்துப் பொறுமையாக உலர்த்துதல் வேண்டும். அட்டையின் நார் ஓடும் திசையும் புத்தகத்தின் முதுகோடு ஒத்துச் செல்லுதல் வேண்டும். இவற்றை அறியாத யான் விரைவு கருதி வெயிலில் வைத்தேன். மாலையிற் சென்று பார்க்க, என் புத்தகம் படகுபோல் வளைந்து கிடந்தது. பிறகு, மின்சாரத்தால் அரைக்கும் கருவி வந்ததுமுதல் கொல்லையில் ஓய்ந்து கிடந்த அம்மியைக் கொணர்ந்து மேலே ஏற்றினேன். அம்மியும் அசையவில்லை, கோணலும் தீரவில்லை. மற்றொரு புத்தகத்தில் ஆறாம் ஃபாரத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். ஒவ்வொரு ஃபாரத்தின் முதற் பக்கத்து அடியிலும் சிறிய எண் ஒன்று அச்சிட்டிருப்பது எதற்கென்று அன்றுதான் அறிந்தேன். இன்றும் அப்புத்தகத்தை என்னிடம் இரவல் பெறுவோர் 81 ஆம் பக்கம் வந்ததும் அதனைச் சுழற்றிப் பிடித்தே படிக்கின்றனர்.

இவையெல்லாம் நகைத்தற்குரிய பிழைகள். நகைத்தற்கு உரியதல்லாத பிழை ஒன்றும் உண்டு.

என் பாட்டனார் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நாற்பதாண்டு தமிழாசிரியராய் இருந்தவர். அவர் பயின்றதும் பயிற்றியதும் ஒரே நன்னூற் பிரதி. அதன் ஓரமெல்லாம் நுண்ணிய எழுத்தில் அவர் எழுதிய குறிப்புக்கள் நிறைந்திருந்தன. ஆறு புத்தகம் கட்டி முடித்த செருக்கில் அதனையும் எடுத்தேன். தையல் செவ்விதாய் அமைந்தது. ஓரம் சமமாய் இருந்தால் இன்னும் அழகாகும் என்று எண்ணி, இரும்பு அளவுகோலை வைத்துக் கூரிய கத்தியாற் கால் அங்குலம் வெட்டினேன். வெட்டு நேராகவே வந்தது. வெட்டிய துண்டுகளைச் சருகுகளோடு கூட்டி எரித்தும் விட்டேன். இரவில் விளக்கடியில் அமர்ந்து விரித்துப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு பக்கத்திலும் பாட்டனாருடைய எழுத்துக்கள் அறுபட்டிருக்கக் கண்டேன்.

புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுக்கள் கிடைக்கவில்லை என்று வகுப்பிற் கேட்டபோதும், பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்தன என்று படித்தபோதும், “போற்றத் தெரியாத மாக்கள்!” என்று யாரையோ நொந்துகொண்டவன் யான். அந்த ‘யாரோ’ தீயவனாய் இருக்க வேண்டுவதில்லை. புத்தகத்தின்மீது அன்புடையவனாகவே, அழகு செய்யப் புகுந்தவனாகவே இருத்தல் கூடும் என்பதை அவ்விரவில் அறிந்தேன்.

மறுநாள் தந்தையாரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். பின்பு, “வெட்டியதை ஒட்ட முடியாது, எஞ்சியதையாவது படித்து எழுதி வை” என்று சொல்லிப் புத்தகத்தை என் கையில் வைத்தார். விடுமுறையில் எஞ்சிய மூன்று வாரமும் அப்பணியிலேயே கழிந்தன. வலப்பக்கத் தாள்களில் வரிகளின் இறுதி அறுபட்டிருந்தது. இடப்பக்கத்தில் வரிகளின் முதல் அறுபட்டிருந்தது. இறுதி அறுபட்ட சொற்களைப் பெரும்பாலும் மீட்டுவிட்டேன். எழுவாய் இன்னது என்று தெரிந்தால் விகுதி இன்னது என்று துணியலாம் அன்றோ? முதல் அறுபட்ட சொற்களே வருத்தின; பகுதி போனபின் விகுதி மட்டும் நின்று யாது பயன்? பகுபத இலக்கணத்தை முன்னர்த் தேர்வுக்காகக் கற்றேன். அப்போதோ தேவைக்காகக் கற்றேன். துணிய இயலாத இடங்களிற் பதிப்பாசிரியர் செய்வதுபோலப் புள்ளியிட்டு விட்டேன். அக்குறிப்பேட்டில் அத்தகைய இடங்கள் 43. என் கைப்பட நேர்ந்த இழப்பின் கணக்கு அது.

இதனைக் கேட்டோர் சிலர், “அதனாலன்றோ தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்வித்தல் வேண்டும் என்கின்றோம்? கூலிக்குக் கட்டித் தருவார் இருக்க, மாணவன் பொழுதை வீணாக்குவது ஏன்?” என்பர். அரிய நூலைத் தெரிந்தவரிடமே கொடுத்தல் வேண்டும் என்பதை மறுக்கேன். ஆயின், கைவேலை பழகுதலே வீண் என்பதை ஒப்பேன். 1937 இல் வார்தாவிற் கூடிய கல்வி மாநாட்டிலே காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வியை வற்புறுத்தினார். அவ்வளவு பெரிய திட்டத்தை யான் பேசவில்லை. ஒருவன் தன் கையாலே ஒரு பொருளைச் செய்து பார்த்தாலன்றிப் பிறர் செய்யும் பொருளின் அருமை அவனுக்கு விளங்காது என்பதொன்றே யான் கூறுவது. முன்னெல்லாம் கட்டுக்கூலியில் இருபது ரூபாய் குறைக்கக் கடைவாயிலில் நின்று வாதாடியவன் யான். இப்பொழுது கேட்டதைக் கொடுத்துவிட்டு, தையலைத் தடவிப் பார்த்து வியந்து நிற்கின்றேன். பொழுதுபோக்காகச் செய்பவன் தொழிலாளியின் கூலியைப் பறிப்பவன் அல்லன். அவன் அருமையை அறிந்தவன்.

அத்தகைய முதியவர் ஒருவரிடம் சென்று என் நன்னூலைக் காட்டினேன். அவர் தம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்து, “தையல் நன்றாயிருக்கிறது, தம்பி. ஆனால் கத்தியை எடுக்குமுன் எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் எழுத்தைப் படிப்பதில்லை, ஓரத்தை மட்டும் பார்ப்போம்” என்றார். எழுத்தைப் படிக்கும் யான் ஓரத்தைப் பார்க்கவில்லை.

ஆதலின், நண்பர்காள், யாதேனும் ஒரு கைவேலையைத் தொடங்குங்கள். தச்சு வேலையாகுக, பின்னல் வேலையாகுக, மட்பாண்டம் வனைதலாகுக, நுமக்கு இயைந்ததை மேற்கொள்ளுங்கள். ஆனால் வெற்றுத்தாளிலும் விலைகுறைந்த பொருளிலும் முதலிற் பழகுங்கள். மீண்டும் கிடைக்காததன்மேல் நும் கற்றுக்குட்டிக் கையை வையாதீர். கெட்டுப்போனவற்றை எறிந்துவிடாமல் கண்ணெதிரே வைத்திருங்கள். அவற்றினும் நல்ல ஆசிரியர் இல்லை. அறிந்தவரை வினவ நாணாதீர். பிழை செய்தால் மறைக்காதீர். இயன்ற அளவு அதனைச் செப்பஞ் செய்யுங்கள்.

மரத்தின் கோணலைத் தச்சனுடைய நூல் தீர்ப்பதுபோல, மாந்தர் மனத்தின் கோணலைக் கற்கும் நூல் தீர்க்கும் என்று நன்னூற் பாயிரம் கூறும். கட்டும் நூலுக்கும் அவ்வாற்றல் சிறிது உண்டென்பதே என் துணிபு. வெயிலில் வைத்த அட்டையின் கோணல் இன்றும் தீரவில்லை. அதனைக் கட்டியவனுடைய செருக்கின் கோணல் சிறிது தீர்ந்தது.