குருத்தணுவும் அதன் சூழலும்

மும்பையின் பாண்டுப் பகுதியில் தமிழ்க் குடும்பங்களிடையே பணிபுரியும் களப்பணியாளரிடம் ஒரு தாய், "குருத்தணு ஊசி போட்டால் என் பிள்ளை நடப்பானா?" என்று வினவக்கூடும். மூளைவாதம் உற்ற குழந்தையின் பெற்றோர் சேமிப்பு முழுவதையும் செலவிடத் துணியும் வினா இது. இதற்கு விடை கூற, கரு வளரும் முறையை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு, எலும்பாவதா நரம்பாவதா என்பதைத் தானே தனித்து முடிவு செய்வதில்லை. உயிரணுக்களைச் சுற்றிலும் புரத இழைகளாலான ஒரு பின்னல் உள்ளது. அணுக்களின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் அப்பின்னலைப் பற்றி, அதன் உறுதியையும் அமைப்பையும் உள்ளே உணர்த்துகின்றன. அதற்கேற்பச் சில ஜீன்கள் இயங்குகின்றன, சில அடங்குகின்றன. கருவின் முதுகுப்புறத்தில் தோன்றும் நரம்பு முகட்டு அணுக்கள் இத்தகைய இழைகளின் வழியே நகர்ந்து, வழியிலும் சேருமிடத்திலும் பெறும் குறிப்புகளுக்கேற்ப நரம்பணுக்களாகவோ நிறமியணுக்களாகவோ மாறுகின்றன. ஃபைப்ரோநெக்டின் என்னும் இழைப்புரதம் அற்ற சுண்டெலிக் கருக்கள் பிறவாமலே மடிகின்றன என்று 1993-இல் கண்டறியப்பட்டது. எலும்பு மச்சையிலிருந்து எடுத்த ஒரே வகைக் குருத்தணுக்கள், மென்மையான தளத்தில் நரம்பின் சாயலையும், கடினமான தளத்தில் எலும்பின் சாயலையும் பெற்றதை 2006-இல் எங்லரும் டிஷரும் அவர்தம் குழுவினரும் காட்டினர்.

இப்பின்னலின் முதன்மைப் புரதமாகிய கொலாஜனின் மூவிழைச் சுருளமைப்பை 1954-55-இல் விளக்கியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். நம் மாணவர்க்கு இது பெருமைக்குரிய செய்தி. ஆயினும் பள்ளிப் பாடத்தில் உயிரணுவுக்கு உள்ள இடம் அதன் சூழலுக்கு இல்லை. இக்குறையை ஆசிரியர்கள் நீக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இரத்தப் புற்றுநோய், தலசீமியா ஆகியவற்றில் மச்சை மாற்றுச் சிகிச்சை பயன் தருவதேன்? சிரை வழியே செலுத்தப்படும் இரத்தக் குருத்தணுக்கள், எலும்பினுள் தமக்குரிய சூழலைச் சென்றடைந்து தங்குகின்றன. சேதமுற்ற மூளையிலோ, கருப்பருவத்தில் இருந்த சூழல் இன்று இல்லை. அணுவை மட்டும் செலுத்தினால் அது உரிய உறுப்பாகிவிடும் என்று எதிர்பார்க்க ஆதாரமில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், அங்கீகரிக்கப்பட்ட இரத்தக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, பிற பயன்பாடுகளை முறையான ஆய்வாக மட்டுமே நடத்தலாம் என்கின்றன.

ஆகவே களப்பணியாளர் அத்தாயின் நம்பிக்கையைப் பழித்தல் தகாது. இரண்டு வினாக்களை அவருக்குக் கற்றுத் தரலாம். இது அனுமதியும் பதிவும் பெற்ற ஆய்வா? ஆய்வாயின், பங்கேற்பவரிடம் கட்டணம் கேட்பதேன்? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை, அச்சேமிப்பு குழந்தையின் இயன்முறைப் பயிற்சிக்கும் கல்விக்கும் பயன்படுவதே நன்று.