அறுவடைக் காலத்திலும் ஓய்வு



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்யும் நம் சபை மகள் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, ஆகஸ்ட் நீண்ட வார இறுதியில் கரிபானா ஊர்வலத்துக்கு வரும்படி சிநேகிதிகள் அழைக்கிறார்கள். போனால், அங்கே நின்றுகொண்டு எழுதாமல் விட்ட அத்தியாயத்தையே நினைப்பேன். போகாவிட்டால், மேசையில் இருந்துகொண்டு ஊர்வலத்தையே நினைப்பேன். நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்கு முன், அருகில் நின்ற தாயார் பதில் சொல்லிவிட்டார்: "முதலில் படிப்பை முடிக்கட்டும் ஐயா. பிறகு எத்தனை விழாவுக்கும் போகலாம்." நான் புன்னகைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். மகள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தார். என் மௌனம், தாயாரின் பதிலுக்கு நான் இட்ட கையொப்பமாகிவிட்டது என்பதை வீடு திரும்பும் வழியில்தான் உணர்ந்தேன். இந்த வாரத் தியானம் அந்த மகளுக்கு நான் காலந்தாழ்த்திச் சொல்லும் பதில். தாயாருக்கும், அவரைப் போலவே நினைத்துப் பழகிய நம் எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

தாயாரின் சொல்லில் இருப்பது அன்பு. அதில் எனக்கு ஐயமில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த தலைமுறை நாம். பரீட்சை எழுத வேண்டிய வயதில் ஊர்விட்டு ஊர் நடந்தவர்கள் நம்மிடையே பலர். வீட்டையும் வளவையும் விட்டு வந்தவர்களுக்கு, பிள்ளையின் படிப்பு ஒன்றே எவரும் பறிக்க முடியாத சொத்தாகத் தோன்றியது. ஆகையால் படிப்புக்குக் குறுக்கே வரும் எதையும் நாம் அச்சத்தோடு பார்க்கிறோம். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆயினும் "முடித்துவிட்டு" என்ற சொல்லை நாம் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

நாம் அறிந்த படிப்புக்கு ஒரு முடிவு இருந்தது. பரீட்சை வரும், பரீட்சை போகும், விடுமுறை வரும். இந்நகரத்திலும் இளமாணி மாணவர்களுக்கு ஏப்ரல் மாதத்தோடு பரீட்சைகள் முடிகின்றன. மே முதல் ஆகஸ்ட் வரை பலருக்கு விடுமுறை. பட்டப்பின் படிப்பு அப்படியல்ல. ஆய்வு மாணவருக்கு அந்த நான்கு மாதங்களும் பதிவு செய்யப்பட்ட ஒரு தவணை. வகுப்புகள் குறைவாக இருப்பதாலேயே, எழுதுவதற்கு உகந்த காலம் என்று மேற்பார்வைப் பேராசிரியர் எதிர்பார்க்கிறார். மாணவரும் அப்படியே தம்மிடம் எதிர்பார்க்கிறார். ஓர் அத்தியாயம் முடிந்தால் அதன் திருத்தம் தொடங்கும். திருத்தம் முடிந்தால் அடுத்த அத்தியாயம் காத்திருக்கும். இன்று போதும் என்று சொல்ல அங்கே மணி அடிப்பதில்லை.

இதே நான்கு மாதங்களில்தான் ரொறன்ரோ வீட்டுக்கு வெளியே வாழ்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும் இந்த ஊரில், ஜூன் மாத இறுதியில் இரவு 9 மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. ஜூனில் ஜாஸ் இசை விழா. ஜூலை, ஆகஸ்டில் வாரம்தோறும் ஏதோ ஒரு தெரு மூடப்பட்டு, சோளம் சுடும் மணம் எழுகிறது. 2015இல் தொடங்கிய நமது தமிழ்த் தெருவிழா ஆகஸ்ட் இறுதியில் மார்க்கம் வீதியை நிறைக்கிறது. 1879 முதல் நடைபெறும் கனேடிய தேசியக் கண்காட்சி, தொழிலாளர் தினத்தோடு முடியும் 18 நாட்கள். அதன்பின் இலை நிறம் மாறும். நண்பர்கள் மீண்டும் வீடுகளுக்குள் அடைவார்கள். கென்னடி நிலையத்தில் ஏறி, சென் ஜோர்ஜ் நிலையத்தில் இறங்கி, பதினான்கு மாடி றொபார்ட்ஸ் நூலகத்துக்குள் நுழையும் பிள்ளை, இந்தக் கோடையைச் சன்னல் வழியாகவே பார்க்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு ஒரு தம்பி என்னிடம் வந்தார். "முடித்துவிட்டு ஆறுதலாகப் போகலாம், தம்பி" என்று நானே சொன்னேன். அவர் கீழ்ப்படிந்தார். முதலில் நண்பர்களின் அழைப்புகளை மறுத்தார். பின் அவர்கள் அழைப்பதை நிறுத்தினார்கள். ஞாயிறு ஆராதனையும் நேர விரயமாகத் தோன்றத் தொடங்கியது. மூன்று கோடைகள் அவருடைய இருக்கை வெறுமையாக இருந்தது. ஆறாம் ஆண்டில் பட்டம் பெற்றபின் என்னைக் காண வந்தார். கொண்டாடக் கூப்பிட ஒருவரும் இல்லை என்றார். "நீங்கள் சொன்னது பிழையில்லை ஐயா. ஆனால் என் வேலையில் 'முடித்துவிட்டு' என்றொரு நாள் இருக்கவில்லை" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சொல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வேதத்தில் பலரும் விரைந்து கடந்துபோகும் ஒரு வசனம் உண்டு: யாத்திராகமம் 34ஆம் அதிகாரம், 21ஆம் வசனம். ஏழாம் நாளில் ஓய்ந்திருக்கும்படி சொல்லும் கர்த்தர், அங்கே இரண்டு காலங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்: விதைப்புக் காலம், அறுப்புக் காலம். வன்னியில் வயல் செய்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். அரிவி வெட்டு நாட்களில் வானம் கறுத்தால் எந்த விவசாயி கையைக் கட்டிக்கொண்டிருப்பான்? ஆண்டின் மிக அவசரமான நாட்கள் அவை. "வேலை முடிந்தபின் ஓய்வு" என்பதே நியதியானால், அந்த இரண்டு காலங்களுக்கும் கர்த்தர் விலக்கு அளித்திருக்கலாம். அவர் அளிக்கவில்லை. ஓய்வு, முடித்த வேலைக்குக் கொடுக்கப்படும் கூலியல்ல. முடியாத வேலையின் நடுவே கொடுக்கப்படும் கட்டளை.

ஏன் அப்படி? உபாகமம் 5ஆம் அதிகாரம் காரணத்தைச் சொல்கிறது: நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்ததை நினைவுகூருங்கள் என்பதே அதன் சாரம். செங்கல் கணக்கு ஒருநாளும் தீராத இடத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். அடிமைக்குத் தன்னுடையதென்று ஒரு நாள் கிடையாது. தன் வேலையை ஒரு நாள் கீழே வைக்க முடிந்தவனே விடுதலை பெற்றவன்.

இனி அந்த மகள் கேட்ட ஊர்வலத்துக்கு வருவோம். கரிபானா என்றதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம்: பெருஞ்சத்தம், சிறகு உடை, தெருவில் ஆட்டம். அங்குள்ள எல்லாமே எனக்கு ஒப்பானவை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்திருப்போம். கனடாவின் நூற்றாண்டு நிறைவை முன்னிட்டு, 1967ஆம் ஆண்டு இங்கிருந்த கரிபியன் மக்கள் இந்நாட்டுக்குக் கொடுத்த பரிசு அது. 1834ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள் பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த நினைவையும் தாங்கியே, அந்நாளை ஒட்டி ஊர்வலம் நடைபெறுகிறது. கரும்புத் தோட்டத்தில் ஓய்வு மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், ஏரிக்கரை வீதியில் ஒரு பகல் முழுவதும் வேலையின்றி ஆடுகிறார்கள். எகிப்தை நினைத்து ஓய்ந்திருக்கச் சொன்ன வேதத்தை வாசிப்பவர்கள் அதை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கிவிட முடியுமா?

இளைஞர்களே, இதை வாசித்து மகிழ்ந்திருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு சொல் உண்டு. அழைப்பு வந்த எல்லா விழாக்களுக்கும் ஓடுவதும் ஓய்வல்ல. அது வேறொரு மேற்பார்வையாளரிடம் அடிமையாவது. இஸ்ரவேலரின் பண்டிகைகளைப் பாருங்கள். நினைத்தபோதெல்லாம் கூடும்படி அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. புளிப்பில்லாத அப்பப் பண்டிகை, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை என்று ஆண்டில் மூன்று தரம் கூடிவரும்படி உபாகமம் 16ஆம் அதிகாரம் கூறுகிறது. எண்ணிக்கை இருந்தது, நாள் குறிக்கப்பட்டிருந்தது. அதனால் மற்ற நாட்களில் உழவன் நிலத்தில் மனம் ஒன்றி உழ முடிந்தது.

நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். மே மாதத்திலேயே நாட்காட்டியை எடுத்து மூன்று விழாக்களைத் தெரிவு செய்யுங்கள். எந்த விழா பெரியது என்று பாராமல், எந்த நண்பரோடு போகிறீர்கள் என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள். அந்த நாட்களை நண்பருக்கும், தேவையானால் பேராசிரியருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மற்ற அழைப்புகளுக்கு "இந்த முறை இல்லை, இன்ன சனிக்கிழமை நிச்சயம் வருவேன்" என்று நேர்மையாகச் சொல்லுங்கள். நல்ல நண்பர் அதை ஏற்றுக்கொள்வார். வாரத்தில் ஒரு நாள் ஆய்வேட்டைத் திறவாதிருங்கள். மற்ற நாட்களில் காலையில் எழுத உட்காருங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் மாலை 6 மணிக்கு மடிக்கணினியை மூடினாலும், தீவுகளுக்குப் படகேறிப் போய்க் கரையில் அமர்ந்து பேசிவிட்டு வர வெளிச்சம் மீதமிருக்கும். போகும்போது ஆய்வேட்டைக் கைபேசியில் சுமந்து செல்லாதீர்கள். பாதி மனதோடு படிப்பதும் பாதி மனதோடு களிப்பதுமே உங்களைக் களைக்கச் செய்கின்றன.

பெற்றோருக்கும் சபையோருக்கும் ஒரு வேண்டுகோள். பண்டிகையில் யார் யார் மகிழ வேண்டும் என்று அதே 16ஆம் அதிகாரம் பட்டியலிடுகிறது. குமாரனும் குமாரத்தியும் அதில் உண்டு. வேலைக்காரரும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் உண்டு. தனியாக மகிழ்ந்துவிட்டு வருவதற்கு அங்கே அனுமதியில்லை. ஸ்காபரோவின் நிலவறை அறைகளில் ஊரிலிருந்து தனியே வந்து படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா? இளமாணி வகுப்பில் பக்கத்தில் அமர்ந்தவர்கள் இருந்தார்கள். ஆய்வேட்டை ஒருவர் தனியே எழுதுகிறார். அவருக்கு, அவருடைய ஆய்வைப் பற்றி எதுவும் அறியாத, ஆனாலும் அவரைக் கண்டால் மகிழ்கிற நாலு பேர் வேண்டும். நாமோ அவரைக் கண்டவுடன் "எப்போது முடியும்?" என்று கேட்கிறோம். அன்போடு கேட்கும் அந்தக் கேள்வி, செங்கல் கணக்குக் கேட்பதுபோல் அவர் காதில் விழுகிறது. இந்தக் கோடை முழுவதும் அதை நிறுத்திவைப்போம். "சாப்பிட்டாயா? சனிக்கிழமை எங்களோடு வருகிறாயா?" என்று கேட்போம். தமிழ்த் தெருவிழாவுக்குக் குடும்பமாகப் போகிறவர்கள், காரில் ஓர் இருக்கையை அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு விட்டுவையுங்கள். என் காரில் இரண்டு இருக்கைகள் இருக்கின்றன. மண்டபக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் பெயர் எழுதலாம்.

மகளே, உனக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஊர்வலத்துக்குப் போ. சிநேகிதிகளோடு போ, தண்ணீர் எடுத்துக்கொண்டு போ, அத்தியாயத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போ. விடுமுறை முடிந்த செவ்வாய் காலை 9 மணிக்கு மேசைக்குத் திரும்பு. அது அங்கேயேதான் இருக்கும். அம்மாவோடு நான் பேசுகிறேன். அவர் அன்று சொன்னதை முன்பு சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, முடியாத வேலையை உமது கையில் வைத்துவிட்டு ஒரு நாள் எழுந்து போகும் துணிவை எங்கள் பிள்ளைகளுக்குத் தாரும். மறுநாள் மனமொன்றித் திரும்பும் உண்மையையும் தாரும். அவர்களைக் கணக்குக் கேட்பவர்களாக அல்ல, அவர்களோடு பந்தியிருப்பவர்களாக எங்களை மாற்றும். ஆமென்.