முடிவும் சேர்ந்து போகட்டும்

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போகும் வண்டிகள் மேல் ஏறுவது நமக்குப் பழகிப்போன செய்தி. அடிபட்டவர் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவார். நிலைமை மோசமானால் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு தேட வேண்டியதில்லை. ஆனால், இப்படி மருத்துவமனை மாறுகிறவரின் ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் பெரும்பாலும் சீட்டாகவோ வாட்ஸ்அப் படமாகவோதான் பயணம் செய்கிறது.

ரத்தப் பிரிவையும் பொருத்தத்தையும் போன இடத்தில் மறுபடி பார்த்தே தீர வேண்டும், அது பாதுகாப்பு. ஆனால் ஹீமோகுளோபினை மறுபடி பார்த்தால் மட்டும் போதாது, பழைய முடிவும் கையில் வேண்டும். உள்ளே ரத்தம் கசிகிறதா என்று ஓர் எண்ணைக் கொண்டு ஊகிப்பது கடினம். முதல் எண்ணிலிருந்து அடுத்தது எவ்வளவு இறங்கியது என்பதே மருத்துவரை உஷார்ப்படுத்தும்.

ஆய்வக மென்பொருள் கிளவுடுக்கு மாறிவிட்டது, எங்கிருந்தும் பார்க்கலாம் என்கிறார்கள் விற்பவர்கள். பார்க்கலாம், அவர்கள் மென்பொருளுக்குள் இருந்தபடி! தட்டணுவை ஓர் ஆய்வகம் 1.5 லட்சம் என்று எழுதும், இன்னொன்று வெறும் 150 என்று. இரண்டும் ஒன்றுதான் என்பது மருத்துவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பரிசோதனைக்குப் பொதுக் குறியீடு தரும் லாயிங்க் 1994இலேயே தொடங்கியது, கட்டணமும் இல்லை. மத்திய அரசின் மின்னணு மருத்துவப் பதிவுத் தரங்கள் 2013இல் வந்து, 2016இல் திருத்தப்பட்டன. ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க ஆபா எண்ணும் வந்தாயிற்று. ஆனாலும் பிடிஎஃப் கோப்பை ஃபயர் என்னும் பரிமாற்ற உறைக்குள் போட்டு அனுப்பினால் விதி நிறைவேறிவிடுகிறது. இது ஏமாற்று.

எனவே தமிழ்நாடு அரசு டெண்டரிலேயே கறாராக எழுத வேண்டும்: குறியீடு, அலகு, இயல்பளவு, மாதிரி எடுத்த நேரம் ஆகியவற்றோடு முடிவை வெளியே அனுப்பாத மென்பொருளுக்குப் பணம் கிடையாது. தனியார் ஆய்வகங்களுக்கு 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டப் பதிவின்போதே இதை நிபந்தனையாக்கலாம். சிறிய ஆய்வகம் செலவைத் தாங்குமா என்பது நியாயமான கேள்வி. வழக்கமான பரிசோதனைகளுக்கான குறியீட்டுப் பட்டியலை அரசே தயாரித்து இலவசமாகக் கொடுக்கட்டும்.

அந்தரங்கம் என்ன ஆகும்? மயங்கிக் கிடப்பவரிடம் ஓடிபி கேட்க முடியாது. உயிருக்கு ஆபத்தான வேளையில் ஒப்புதலின்றித் தரவைப் பயன்படுத்த 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே இடம் தருகிறது. அந்தக் கதவு மென்பொருளிலும் இருக்க வேண்டும். திறந்தவர் யார், எப்போது என்ற பதிவு நோயாளியின் கைக்கும் போக வேண்டும்.