மரம் வைத்தவருக்கு ஒரு வகுப்பு

முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பக்கம் வீடு கட்டிக் குடியேறியவர்களில் பலருக்கு மதுராந்தகத்திலோ திண்டிவனத்திலோ செஞ்சியிலோ ஓரிரு ஏக்கர் பூர்வீக நிலம் இருக்கிறது. நெல்லோ மணிலாவோ போடலாம் என்றால் அங்கே ஆள் கிடைப்பதில்லை. தரிசாகப் போடவும் மனம் வரவில்லை. கடைசியில் தேக்கோ மகோகனியோ சவுக்கோ வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை தாம்பரத்தில் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கேட்டால், "மரம்தானே, அது பாட்டுக்கு வளரும்" என்கிறார்கள்.

வளரத்தான் செய்யும். ஆனால் நல்ல விலைக்குப் போகிற மரமாக வளர்வதற்கு வேலை இருக்கிறது. ஆறடிக்கு ஒன்றாக நெருக்கி நட்ட தேக்கில் நான்கைந்து வருடத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாக வேண்டும். பிள்ளை மாதிரி வளர்த்ததை வெட்டுவதா என்று விட்டுவிட்டால் மொத்தத் தோப்பும் ஒட்டடைக் கம்பாக நிற்கும். பக்கக் கிளையைச் சிறுசாக இருக்கும்போதே ஒட்டி அறுத்துவிட வேண்டும். தடித்த பிறகு அறுத்தால் பலகையில் முடிச்சு விழும். மழைக்காலத்தில் இலையெல்லாம் நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாகிப் போனதைப் பார்த்துப் பதறி மருந்து வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. அது ஒரு புழுவின் வேலை. வளர்ச்சி கொஞ்சம் தடைபடும், ஆனால் மரம் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். இதையெல்லாம் அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

விற்கும் நாளில் நடப்பதையும் பாருங்கள். வியாபாரி டேப்பைச் சுற்றுகிறார். நடுச் சுற்றளவு 36 அங்குலம், நீளம் 10 அடி. சுற்றளவை நான்கால் வகுத்து 9. அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் ஐந்தரைக் கன அடிக்குச் சற்று மேல். அந்தக் கட்டையில் உண்மையில் இருப்பது ஏழு கன அடிக்கும் மேல். இது மோசடி அல்ல. கால் சுற்றளவுக் கணக்கு என்று மர வியாபாரத்தில் காலங்காலமாக உள்ள முறை. அறுப்பில் போகும் கழிவை அது முன்கூட்டியே கழித்துவிடுகிறது. ஆனால் இந்தக் கணக்கு தெரியாத உரிமையாளரிடம் சேதாரம், வெள்ளைக்கட்டை என்று இரண்டாவது முறையும் கழிக்கும்போது அவரால் வாய் திறக்க முடியாது. இருபது வருடம் காத்திருந்தவர் ஐந்து நிமிடத்தில் தோற்றுப்போகிறார்.

தமிழ்நாடு அரசு மரம் வைக்கச் சொல்வதில் குறை வைக்கவில்லை. வனம், மரப் பரப்பை 33 சதவீதமாக்க 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே வேளாண் துறை நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தைக் கொண்டுவந்தது. வரப்பில் நட்டால் ஏக்கருக்கு 50 கன்று, வயலில் நட்டால் 160 கன்று, உழவன் செயலியில் பதிந்தால் இலவசம். உயிரோடிருக்கும் கன்றுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் கன்றைக் கையில் கொடுத்த பிறகு அடுத்த பதினைந்து வருடத்துக்கு என்ன செய்வது என்பதை முறையாகச் சொல்லித்தரும் வகுப்பும் அதனோடு சேர்ந்து வர வேண்டும்.

அறிவுக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. 1912-லேயே கோவையில் வனக் கல்லூரி வந்துவிட்டது. இன்று மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. கோவையில் வன மரபியல், மரப்பெருக்கு நிறுவனம் இருக்கிறது. வீரிய சவுக்கு ரகங்கள் வந்ததே அங்கிருந்துதான். நூறு வருடமாக அதிகாரிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் சொல்லித்தந்ததைப் பட்டாதாரருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பதே நம் கோரிக்கை. முடிச்சூரில் இருப்பவர் வேலைநாளில் லீவு போட்டு மேட்டுப்பாளையம் போக மாட்டார். இரவு எட்டரைக்கு வீட்டில் செல்போனோடு உட்கார்ந்திருப்பார். வகுப்பு அங்கே வரட்டும். 2020 முதல் சென்னை ஐஐடி டேட்டா சயன்ஸை முழுப் பட்டப்படிப்பாகவே இணையத்தில் நடத்துகிறது. மரம் வளர்ப்புக்கு ஆறு மாத வகுப்பு நடத்த முடியாதா?

வெளியூரில் இருக்கும் மரக்காரருக்கு இணையம் உதவும் என்பதற்குப் பின்லாந்தைப் பாருங்கள். அங்கே காடுகளில் பெரும்பகுதி தனிக் குடும்பங்களின் சொத்து. அவர்களிலும் பலர் நகரவாசிகள்தாம். தன் காட்டின் எந்தப் பகுதியில் என்ன மரம், எப்போது வெட்டிக் கலைத்துவிட வேண்டும் என்பதை அந்த நாட்டு அரசின் வன மையம் இணையத்திலேயே ஒவ்வொரு உரிமையாளருக்கும் காட்டுகிறது.

யூடியூபில் இல்லாததா என்று கேட்கலாம். அங்கே இருப்பதில் கணிசமானது கன்று விற்பவர்களின் விளம்பரம். ஏக்கருக்கு இத்தனை கோடி என்று ஆரம்பிக்கும் எதையும் சென்னைக்காரர்கள் நம்பவே கூடாது. 1990-களில் தேக்குத் திட்டங்களில் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனை! 1999-இல் செபி விதிமுறை கொண்டுவருவதற்குள் ஓய்வூதியப் பணம் போய்விட்டது. ஒரு தேக்கு பத்து வருடத்தில் எவ்வளவு பருக்கும் என்று தெரிந்திருந்தால் பலர் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்கள்.

சட்டமும் பாடத்தில் இருக்க வேண்டும். பட்டா நிலத்துச் சந்தன மரம் 2002 முதல் நிலத்துக்காரருடையது. ஆனாலும் அவர் தானே வெட்டி விற்க முடியாது, வனத்துறை வழியாகத்தான் விற்க வேண்டும். இந்தப் பின்பாதி தெரியாமல் கன்று வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அரிவாள் பிடிக்கும் கையைத் திரையில் பழக்க முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். ஒப்புக்கொள்கிறோம். அதற்குத்தான் கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பருவத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கவாத்தும் அளவெடுப்பும் நேரில் செய்து காட்டட்டும். வனவியல் படிக்காதவர்களால் இதெல்லாம் ஆகுமா என்று தயங்குகிறவர்கள் தாம்பரத்திலேயே கிறிஸ்தவக் கல்லூரிக்குள் நடந்து பார்க்கலாம். 1937-இல் கல்லூரி இங்கே வந்தபோது சேலையூர்க் காட்டின் ஒரு பகுதியாக இருந்த அந்த இடத்தைப் பேணி வளர்த்தவர்களில் முதன்மையானவர் எட்வர்டு பார்ன்ஸ். அவர் வேதியியல் பேராசிரியர்.

வேளாண் பல்கலைக்கழகமும் வனத்துறையும் சேர்ந்து, தமிழில், கட்டணமில்லாமல், மாவட்டத்துக்கேற்ற மரங்களோடு இந்த வகுப்பை நடத்த வேண்டும். படித்து முடித்தவருக்கு இலவசக் கன்றில் முன்னுரிமை கொடுக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குத்தான் இந்தப் பக்கம் கன்று நடுவார்கள். முதல் வகுப்பு ஆடியில் தொடங்கினால், ஐப்பசியில் குழி வெட்டும்போது எத்தனை அடிக்கு ஒன்று என்றாவது தெரிந்திருக்கும்.